முதிய நாய்க்கும் நடை வேண்டும்

“வயதாகிவிட்டது; இனி ஓய்வாகப் படுத்திருக்கட்டும்” என்று வளர்ப்பு நாயைப் பற்றிப் பரிவோடு சொல்வோரைச் செங்கல்பட்டில் நான் அடிக்கடிக் காண்கிறேன். அந்தப் பரிவே நாயை விரைவில் முடக்கிவிடக்கூடும்.

பெரிய இன நாய்கள் ஏறத்தாழ 7 வயதிலும், சிறிய இனங்கள் 10 வயதையொட்டியும் முதுமையை எட்டுகின்றன. மூட்டுத் தேய்மானம் அப்போது பரவலாகக் காணப்படும். வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் தசை மெலிகிறது, எடை கூடுகிறது, சுமை ஏறிய மூட்டு மேலும் வலிக்கிறது. வறுமையின் நச்சுச் சுழலை வகுப்பறையில் பல்லாண்டுகள் விளக்கிய எனக்கு, இதுவும் அத்தகையதே எனத் தோன்றுகிறது.

இச்சுழலை உடைக்கச் சிறுசேமிப்பு போன்ற முயற்சியே போதும். வார இறுதியில் கடற்கரைக்கு அழைத்துவந்து ஒரு மணி நேரம் ஓடவைப்பதைவிட, நாள்தோறும் இருமுறை 10 அல்லது 15 நிமிடங்கள் மெதுவாக நடத்திச் செல்வதே நன்று. மறுநாள் நொண்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். பந்தெறிந்து துள்ளவைப்பதும், மாடிப்படி ஏறவைப்பதும் வேண்டா. வழுக்கும் தரையில் சாக்கு விரித்தால் கால் ஊன்ற உதவும்.

நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில்தான். மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. கோவளம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் மூச்சிரைப்பின் பயன் குறைகிறது. எனவே அதிகாலையே ஏற்ற பொழுது. கால் புதையும் உலர்மணல் மூட்டை வருத்தும். அலை வடிந்து இறுகிய ஈரமணலே உகந்தது. நீச்சல் மூட்டுக்கு நல்லதெனினும், இக்கரையின் அலைகளில் முதிய நாயை இறக்குதல் ஆபத்து.

உணவளவும் முக்கியம். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 48 லாப்ரடார் நாய்கள் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கப்பட்டன. 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்றவை ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. வலி மிகுந்தால் கால்நடை மருத்துவரையே நாட வேண்டும். மனிதருக்கான வலிநிவாரணி மாத்திரைகள் நாயின் உயிருக்கே உலைவைக்கக்கூடும்.

காவலுக்கு ஆகாது என்று முதிய நாயைத் தெருவில் விடுவோரும் உண்டு. விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேண வேண்டும் என்பதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் கடமையாக்கியுள்ளது. நாய் நம் வாசலைக் காத்த ஆண்டுகளோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை.