கால் டிரான்ஸ்ஃபர்: லைன் கட் ஆகாமல் மாற்றுவது எப்படி?

அலுவலகத்திற்கு போன் வருகிறது. "அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குக் கொடுங்க" என்கிறார் அழைத்தவர். ஏதோ ஒரு பட்டனை அழுத்துகிறோம். லைன் கட்! அரூரிலிருந்து 04342 சேர்த்து தருமபுரிக்கு டயல் செய்தவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அழைத்தது மருத்துவமனையை என்றால், அந்த இரண்டு நிமிடத் தாமதம் கூடப் பெரிதுதான்.

உண்மையில் இது மிக எளிதான வேலை. அலுவலகத்தில் உள்ள இபிஏபிஎக்ஸ் என்னும் சிறிய எக்ஸ்சேஞ்ச்தான் அழைப்பை மாற்றித் தருகிறது. வெளியிலிருந்து வரும் லைன்களை உள்ளே இருக்கும் பல போன்களுக்கு இது பகிர்ந்தளிக்கிறது. ஒவ்வொரு உள் போனுக்கும் 201, 205 என்பது போல ஒரு எக்ஸ்டென்ஷன் எண் உண்டு.

செய்முறை

1. அழைத்தவரிடம் "லைனில் இருங்கள்" என்று சொல்லுங்கள்.

2. போனில் உள்ள ஃபிளாஷ் பட்டனை ஒருமுறை அழுத்தவும். சில போன்களில் இது ஆர் அல்லது டிரான்ஸ்ஃபர் என்றிருக்கும்.

3. டயல் டோன் கேட்டதும் எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்.

4. எடுத்தவரிடம் யார், எதற்காக அழைக்கிறார் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடவும்.

அவர் எடுக்கவில்லையா? பெரும்பாலான இபிஏபிஎக்ஸ்களில் மீண்டும் ஃபிளாஷ் அழுத்தினால் அழைத்தவர் உங்களிடமே திரும்பி வருவார்.

மணி அடிக்கும்போதே ரிசீவரை வைத்துவிடுவதும் உண்டு. இதற்கு பிளைண்ட் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். நேரம் மிச்சமாகும், ஆனால் அடுத்தவர் சீட்டில் இருக்கிறாரா என்பது தெரியாது. முக்கியமான அழைப்புகளை, பேசிவிட்டு மாற்றுவதே நல்லது.

ஏன் கட் ஆகிறது?

ரிசீவரை எடுத்ததும் லைனில் சிறிய மின்சாரம் ஓடுகிறது. ஃபிளாஷ் பட்டன் அதை ஒரு கணம் மட்டும் துண்டிக்கிறது. "இவருக்கு ஏதோ வேண்டும்" என்று புரிந்துகொண்டு, அழைப்பை ஹோல்டில் வைக்கிறது எக்ஸ்சேஞ்ச். துண்டிப்பு நீண்டுவிட்டால், போனை வைத்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். ரிசீவர் வைக்கும் இடத்தை விரலால் தட்டும்போது லைன் கட்டாவது இதனால்தான். ஃபிளாஷ் பட்டன் இருந்தும் இப்படி நடந்தால், போனில் உள்ள ஃபிளாஷ் டைம் அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரே எக்ஸ்சேஞ்ச்

கம்ப்யூட்டரையே இபிஏபிஎக்ஸ் ஆக்கலாம். மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர், தன் சிறிய நிறுவனத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணம் போதாததால் 1999-ல் தானே எழுதிய சாஃப்ட்வேர்தான் ஆஸ்டெரிஸ்க். லினக்ஸில் இயங்கும், இலவசம். ஹெட்போனும் மைக்கும் உள்ள கம்ப்யூட்டரில் சாஃப்ட்போன் ஒன்றை நிறுவினால் அதுவே எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும். அதில் டிரான்ஸ்ஃபர் பட்டனை கிளிக் செய்து எண்ணைக் கொடுத்தால் போதும்.

உஷார்!

"டெலிபோன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், லைனைச் சோதிக்க இந்த எண்களை அழுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில இபிஏபிஎக்ஸ்களில் அப்படி அழுத்தினால், உங்கள் வெளி லைன் அவர் கைக்குப் போய்விடும். பில் உங்களுக்கு வரும். செல்போனிலும் இதே தந்திரம் நடந்தது. ஸ்டார் 401 ஹேஷ் எனத் தொடங்கும் குறியீட்டுடன் தங்கள் எண்ணையும் அழுத்த வைத்து, அழைப்புகளை மோசடிக்காரர்கள் தங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஓடிபி சொல்லும் அழைப்பும் அவர்களுக்கே போனது. இதனால் 2024 ஏப்ரல் 15 முதல் இவ்வகைக் குறியீடு வழியான கால் ஃபார்வர்டிங்கை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

எக்ஸ்டென்ஷன் எண்களை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு போன் அருகிலும் ஒட்டிவிடுங்கள். பிறகு உங்கள் செல்போனிலிருந்தே அலுவலகத்திற்கு அழைத்து, நண்பரை டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்லிப் பழகுங்கள். நாலைந்து முறை செய்தால் கைவந்துவிடும்.