விலை குறைந்த தோட்டா எது… செலவு குறைந்த தோட்டா எது?

ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு கணக்கு

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச்சுற்றில் 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார் ஸ்வப்னில் குசலே. அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மகாராஷ்டிர மாநிலம், கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள காம்பல்வாடி என்ற சிற்றூர்தான் அவருக்குச் சொந்த ஊர். பயிற்சிக் காலத்தில் மகனுக்குத் தோட்டா வாங்குவதற்காக அவருடைய தந்தை கடன் வாங்கியதைப் பதக்கம் வந்த பிறகு நாளிதழ்கள் எழுதின.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் கிராமத்துப் பெற்றோருக்கு இந்தக் கதை புதிதல்ல. ரைபிள் என்பது ஒருமுறை போடும் முதலீடு. பெரும்பாலும் கிளப் ரைபிளிலேயே பழகிக்கொள்ளவும் முடியும். ஆனால், தோட்டா மாட்டுத் தீவனம் மாதிரி. வாங்க வாங்கத் தீர்ந்துகொண்டே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு 60 தோட்டா என்று வைத்துக்கொண்டால்கூட மாதத்துக்கு 480 ஆகிவிடும். ஒரு தோட்டாவுக்கு 10 ரூபாய் வித்தியாசம் என்றால், மாதக் கணக்கில் 4,800 ரூபாய். எந்தத் தோட்டாவை வாங்குவது என்ற முடிவு அந்த வீட்டின் வரவு செலவையே மாற்றிவிடும்.

மலிவானதை வாங்கினால் குறி தவறுகிறது. விலை உயர்ந்ததை வாங்கினால் கை கடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. விதை வாங்கும் விவசாயிக்கு அது நன்றாகத் தெரிந்த வழிதான்.

விளிம்பில் இருக்கிறது விஷயம்

50 மீட்டர் ரைபிள், 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் போட்டிகளில் பயன்படுவது ‘பாயின்ட் 22 லாங் ரைபிள்’ என்ற தோட்டா. குறுக்களவு 5.6 மி.மீ. வழக்கமான ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். 1887-ம் ஆண்டு அமெரிக்காவில் உருவான இந்த வகைதான் இன்று வரை உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது.

பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு ‘கேப்’ இருக்கும். ரிம்ஃபயர் தோட்டாவில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். பற்றவைக்கும் மருந்தை ஈரப்பதத்தில் உள்ளே இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றி அந்தக் குழிவுக்குள் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப்பொறி கிளம்பி உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, சுட்ட கூட்டின் விளிம்பு நசுங்கிவிடுவதால் அதில் மறுபடி மருந்து நிரப்ப வழியில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, விளிம்பைச் சுற்றி மருந்து சீராகப் பரவாவிட்டால், ஊசி பட்ட இடத்தில் மருந்து குறைவாக இருந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். ரிம்ஃபயர் தோட்டாவில் ‘நம்பகம்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சீரைத்தான்.

வேகம் அதிகம் என்றால் நல்லதா?

பெட்டியில் ‘ஹை வெலாசிட்டி’ என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் அதுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. இலக்குச் சுடுதலுக்கு இது பொருந்தாது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஹை வெலாசிட்டி குண்டு 370 முதல் 390 மீட்டர் வேகத்தில் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் காற்றின் அலைக்கழிப்பால் குண்டு லேசாகத் தடுமாறலாம். போட்டித் தோட்டாக்கள் 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், தொடக்கத்திலிருந்தே ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும்படி தயாரிக்கப்படுவது இதனால்தான். பெட்டியில் ‘ஸ்டாண்டர்டு வெலாசிட்டி’, ‘டார்கெட்’, ‘மேட்ச்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ், எஸ்.கே, பின்லாந்துப் பெயரான லாபுவா ஆகியவை சுடுதளங்களில் அதிகம் அடிபடும் பெயர்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் நாலைந்து படிகள் உண்டு. உதாரணமாக, ஈலியில் ‘கிளப்’ கீழ்ப்படி, ‘டெனெக்ஸ்’ மேல்படி. எஸ்.கே-யில் ‘ஸ்டாண்டர்டு பிளஸ்’ பழகுபவர்களுக்கானது. படி ஏற ஏற விலையும் ஏறும். மேல்படித் தோட்டாக்களை நிறுவனங்கள் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதற்கான கூலியும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது.

ஆனால், மேல்படித் தோட்டா எல்லா ரைபிளிலும் நன்றாகப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி ஏற்பதில்லை. கரிசலில் அமோகமாக வந்த விதை செம்மண்ணில் சுணங்குவது போலத்தான்.

முளைப்புச் சோதனை போல ஒரு சோதனை

ஒரு மூட்டை விதையை நம்பி நிலத்தில் இறைப்பதற்கு முன், 100 விதையை ஈரத்துணியில் கட்டி எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது விவசாயிகளின் வழக்கம். தோட்டாவுக்கும் இதைச் செய்யலாம்.

கட்டுப்படியாகும் விலையில் மூன்று அல்லது நான்கு வகைகளில், வகைக்கு ஒரு பெட்டி (50 தோட்டா) மட்டும் வாங்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில், கிளப் சுடுதளத்தில், மணல் பையின் மீது ரைபிளைத் தாங்கி வைத்துச் சுட வேண்டும். கை ஆட்டம் கணக்கில் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வகைத் தோட்டாவின் மேலும் வேறு வேறு மெழுகுப் பூச்சு இருக்கும். அதனால் வகை மாற்றும்போதெல்லாம் முதல் 10 தோட்டாக்களைக் குழல் பழகுவதற்காகச் சுட்டுவிட்டு, பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, 50 மீட்டர் தூரத்தில் 10 குண்டுகள் ஒரு தாளிலும், 10 குண்டுகள் இன்னொரு தாளிலும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதில் 5.6 மி.மீ கழித்தால் வருவதுதான் சிதறல். இரண்டு தாள்களின் சராசரியை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்தே குண்டு சுட்டு முடிவெடுத்தால் ஏமாந்துவிட வாய்ப்பு அதிகம். தற்செயலாக ஐந்தும் ஒட்டி விழுந்திருக்கலாம்.

எவ்வளவு சிதறல் இருந்தால் நல்லது? 50 மீட்டர் ரைபிள் இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மதிப்பெண் உண்டு. ஆகவே, நடு மையத்திலிருந்து 8 மி.மீ தள்ளி விழுந்த குண்டும் 10-ஐத் தொடும். 16 மி.மீ விட்டத்துக்குள் எல்லாக் குண்டுகளையும் போடும் தோட்டா இருந்தால், குறை சொல்ல வேண்டியது தோட்டாவை அல்ல.

பழகும் பிள்ளைக்கு எந்தப் படி போதும்?

பெற்றோர் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பிள்ளையின் கை ஆட்டத்தால் மட்டும் வரும் சிதறல் 40 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். தோட்டாவின் சிதறல் 25 மி.மீ. இரண்டும் சேரும்போது 65 ஆகாது. இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 47 மி.மீ வருகிறது. இப்போது அதிக விலை கொடுத்து 16 மி.மீ சிதறல் உள்ள தோட்டாவுக்கு மாறினாலும் மொத்தச் சிதறல் 43 மி.மீ-க்குத்தான் குறையும். அந்த 4 மி.மீ-க்காக மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, அதே பணத்தில் இன்னும் நூறு தோட்டா சுட்டுப் பழகினால் கை ஆட்டமே குறையும்.

அதே பிள்ளையின் கை ஆட்டம் 15 மி.மீ-க்கு வந்துவிட்டால் கணக்கு திரும்பிவிடும். அப்போது தோட்டாதான் தடை. மாநிலப் போட்டிக்குத் தயாராகும் நிலையில் மேல்படிக்குப் போவது வீண் செலவல்ல.

ஆக, பழகுவதற்கு நடுத்தரப் படி. போட்டிக்கும் அதற்கு முந்தைய சில பயிற்சிகளுக்கும் மேல்படி. மிகவும் மலிவான தோட்டாவில் பத்துக்கு ஒன்று வெடிக்காமல் போனால், அது வீணாக்குவது ஒரு தோட்டாவின் விலையை மட்டுமல்ல. குறி தவறியது தன்னாலா தோட்டாவாலா என்றே தெரியாமல் பிள்ளை குழம்பிப்போகும். கிளப்புக்குப் போய்வந்த பஸ் கட்டணமும் அந்த நாளும் அதோடு சேர்ந்து போகும்.

லாட் எண்ணை விடாதீர்கள்

பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண், விதைப் பையின் குவியல் எண் போன்றது. ஒரே பெயர், ஒரே விலையாக இருந்தாலும் லாட் மாறினால் குணம் மாறக்கூடும். சோதனையில் தேறிய லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குள் அதே லாட்டில் வாங்கி வைப்பது நல்லது.

கிளப்பில் நாலைந்து பேர் ஒரே லாட்டைத் தேடினால் விற்பனையாளரிடம் சேர்ந்து கேட்கலாம். ஆனால், ஒவ்வொருவரும் அவரவர் லைசென்ஸில்தான் வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

வெடிக்காத தோட்டா… அவசரப்படக் கூடாது

விசையை அழுத்தியதும் ‘க்ளிக்’ சத்தம் மட்டும் வந்தால், குழலை இலக்கு நோக்கியே வைத்தபடி குறைந்தது 30 நொடி காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதன் பிறகே போல்ட்டைத் திறந்து எடுத்து, கிளப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, வழக்கத்தைவிட மெல்லிய ‘புஸ்’ சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நின்றிருக்கலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கிவிடும், வெடிக்கவும் கூடும். சந்தேகம் வந்த நொடியே நிறுத்திவிட்டு, பயிற்சியாளரிடம் சொல்லிக் குழலைச் சோதிக்க வேண்டும்.

வாங்கிய தோட்டாக்களை அதே பெட்டியில், பூட்டிய அலமாரியில், ஈரமும் வெக்கையும் தாக்காத இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலோ, உரமூட்டைகளும் பூச்சிமருந்தும் இருக்கும் அறையிலோ வைக்கவே கூடாது. மெழுகுப் பூச்சில் மண் ஒட்டினால் அது குழலைக் கீறும் என்பதால், கீழே விழுந்த தோட்டாவை அப்படியே போடுவதும் தவறு. குண்டு ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது. எனவே, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சுடும்போது போட்ட சட்டையைச் சின்னக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பதும் நல்லது.

வாசகர்கள் கேட்பவை

‘‘மகளுக்கு 13 வயது. ரைபிள் பழக ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?’’

ஏர் ரைபிளில் தொடங்குவதே சிக்கனம். 0.177 அங்குலக் (4.5 மி.மீ) குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெல்லட்டின் விலை ரிம்ஃபயர் தோட்டா விலையில் சிறு பங்குதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பெயர் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். நிற்கும் நிலை, மூச்சு, விசை அழுத்தும் பக்குவம் எல்லாம் அதிலேயே பழகிவிடும். ரிம்ஃபயர் ரைபிளுக்குத் தனி லைசென்ஸ் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன், அங்கீகாரம் பெற்ற கிளப்பில், பயிற்சியாளரின் மேற்பார்வையில்தான் பழக முடியும். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்கள் இயங்குகின்றன.

‘‘விளையாட்டுக்காக வாங்கிய ரைபிளால் நிலக்கடலையைத் தோண்டும் காட்டுப்பன்றியைச் சுடலாமா?’’

கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி, மயில் இரண்டையுமே அனுமதியின்றிக் கொல்வது குற்றம். விளையாட்டுக்கான லைசென்ஸ் வேறு, பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் வேறு. மேலும், இந்தச் சின்னக் குண்டு பன்றியைக் கொல்லாமல் காயப்படுத்திவிட்டு, பிறகு ஆட்கள் மேல் பாய வைக்கும். குறி தவறினால் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அந்தத் தூரத்துக்குள் யாராவது களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதே சரியான வழி.

‘‘இறந்துபோன தாத்தாவின் பெட்டியில் பழைய தோட்டாக்கள் இருக்கின்றன. என்ன செய்வது?’’

லைசென்ஸ் இல்லாதவர் வீட்டில் ஒரு தோட்டா இருந்தாலும் குற்றம்தான். சுட்டுப் பார்ப்பதோ, குப்பையோடு எரிப்பதோ, கிணற்றில் போடுவதோ வேண்டாம். அருகில் உள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அதையும் காட்டி, ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.