பெருஞ்செலவுக்கு முன் ஒரு சிறு சோதனை

கடன் பெற்று வாங்கிய கார் திடீரென்று எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறதா? காலையில் எளிதில் கிளம்ப மறுக்கிறதா? கரும்புகை கக்குகிறதா? பெரும் பழுதுபார்ப்புக்கு ஒப்புதல் அளிக்குமுன், ‘கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார்’ எனும் வெப்ப உணரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் சூடேறச் சூடேற, இவ்வுணரியின் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் தடை, 80 டிகிரியில் சில நூறு ஓம்களாக இறங்கிவிடும். பழுதுற்ற உணரி, சூடான என்ஜினைக் குளிர்ந்ததாக அறிவித்தால், கட்டுப்பாட்டுக் கணினி தேவைக்கு மேல் எரிபொருளைச் செலுத்தும்.

இரவு முழுதும் நின்ற காரில், என்ஜினைக் கிளப்புமுன் ஸ்கேனர் காட்டும் கூலண்டின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். மைனஸ் 40 டிகிரி எனக் காட்டினால், கம்பி அறுந்தோ இணைப்பு கழன்றோ இருக்கலாம். ஆகவே உணரியை மாற்றுமுன் கம்பி, இணைப்பு, கூலண்டின் அளவு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றையும் பார்ப்பதே முறை.

ஒன்றை மறவாதீர்கள். வெப்பமானியின் முள் ஓட்டத்தின்போது அபாயக் கோட்டைத் தொட்டால், பழுது உணரியில்தான் என எண்ணித் தொடர்ந்து ஓட்ட வேண்டா, உடனே நிறுத்துங்கள். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.