ஸ்லீவ் கழற்றும்போது சுத்தியலுக்கு அவசரம் வேண்டாம்

நமது தோட்டங்களில் கைட்ராக்டர் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்கிய தண்ணி மெசின்களும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புது மெசின் வாங்குவது எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. ஆகவே பழைய என்ஜினைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிப் பாவிப்பதுதான் வழி. இந்த வேலையில் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது சிலிண்டர் ஸ்லீவைக் கழற்றுவது. லைனர் என்றும் இதைச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தேய்ந்த ஸ்லீவுக்குக் கடையில் புதியது கிடைக்கும். அடித்துக் கழற்றப் போய் பிளாக் வெடித்தால் மெசினே போய்விடும்.

ஸ்லீவ் என்பது எது?

பிஸ்டன் ஓடுகிற இரும்புக் குழாய்தான் ஸ்லீவ். தேய்மானம் எல்லாம் இதற்கு வரட்டும், பிளாக் தப்பட்டும் என்பதற்காகவே தனியாகச் செய்து போடுகிறார்கள். தண்ணீரால் குளிரும் கைட்ராக்டர் என்ஜின்களில் பெரும்பாலும் ஈர ஸ்லீவ் இருக்கும். அதன் வெளிப்பக்கத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலே ஒரு விளிம்பு. கீழே தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்காமல் தடுக்க இறப்பர் வளையங்கள். இந்த வகை ஸ்லீவ் பிளாக்குக்குள் இறுக்கி அடிக்கப்பட்டதல்ல. கையால் அழுத்திப் போடக்கூடியது. உலர் ஸ்லீவ் வேறு. அது பிளாக்கோடு ஒட்டி இறுக்கமாக இருக்கும். அதைக் கழற்ற அழுத்தும் மெசின் உள்ள கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காற்றால் குளிரும் சின்ன என்ஜின்கள் சிலவற்றில் தனி ஸ்லீவே கிடையாது. உங்கள் மெசின் எந்த வகை என்று முதலில் கேட்டறியுங்கள்.

மருதனார்மடத்துத் தண்ணீர் சொல்லும் பாடம்

கையால் போட்ட ஸ்லீவ் கையால் வராமல் போவது ஏன்? இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தைப் பார்ப்போம். இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே, காங்கேசன்துறை வீதியில் இருக்கிற ஊர் இது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய மகளிர் கல்லூரியும், பெரிய மரக்கறிச் சந்தையும் அங்கே இருக்கின்றன. ஆறு கிடையாது. ஒரு காலத்தில் துலா மிதித்து இறைத்த கிணறுகளில் பின்பு மெசின் வைத்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தார்கள். 1990க்குப் பிந்திய போர்க்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்தபோது, இருக்கிற மெசினைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர அந்த மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதனால் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற படைதான் அது. தொட்டி வைத்த டீசல் என்ஜினில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். குறையக் குறைய ஊற்றுவோம். தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். நாளடைவில் அது ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் இடையில் சாந்து பூசியது போல இறுகிவிடும். சூடும் வெளியே போகாது, ஸ்லீவும் அசையாது.

நமது மலைநாட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. ஆனாலும் நாம் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்காக ஓடாமல் தண்ணீரோடு நிற்கிற என்ஜினில் துரு பிடிக்கும். துருவும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கும். வேலை முடிந்து நெடுநாள் நிறுத்துவதானால் தண்ணீரை வடித்துவிடுங்கள். சுண்ணாம்புத் தண்ணி உள்ள ஊர்களில் மழைத்தண்ணீரைச் சேமித்து என்ஜினுக்கு ஊற்றுவது நல்லது.

மாற்றத்தான் வேண்டுமா?

நீலப் புகை, எண்ணெய் குறைதல், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தல் ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள். ஆனால் ரிங் மட்டும் தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே அளந்து பார்க்காமல் காசு செலவழிக்க வேண்டாம். உள் அளவு மெசின் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ரிங்கை ஸ்லீவின் அடியில், தேயாத இடத்தில் நேராக வைத்து, அதன் வாய் இடைவெளியை அளவுத் தகட்டால் பாருங்கள். பிறகு மேலே, ரிங் அதிகம் உரசும் இடத்தில் பாருங்கள். கூடிய அளவை 3.14ஆல் பிரித்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று வரும். உதாரணமாகக் கீழே 0.40 மில்லிமீற்றர், மேலே 1.34 என்றால் வித்தியாசம் 0.94, தேய்மானம் சுமார் 0.30 மில்லிமீற்றர். எஸ்-195 போன்ற என்ஜினின் துவாரம் 95 மில்லிமீற்றர்தான். அதில் இவ்வளவு தேய்ந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை.

கழற்றும் முறை

எரிபொருள் குழாயை மூடி, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். ஹெட்டைக் கழற்றியபின் ஸ்லீவின் மேல் ஓரத்தில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்தே பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் உடையும். கிராங்கைத் துணியால் மூடுங்கள்.

இதற்குத் தேவை ஒரு இழுவைக் கருவி. லேத்தில் கடைந்த ஒரு வட்டத் தட்டு, நீண்ட மரையுள்ள ஒரு கம்பி, மேலே குறுக்காக வைக்க ஒரு கனமான இரும்புப் பட்டை. தட்டு ஸ்லீவின் கீழ் விளிம்பில் உட்கார வேண்டும். ஆனால் ஸ்லீவின் வெளிவிட்டத்தை விடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிளாக்கில் மாட்டாது. குறுக்குப் பட்டையின் கால்கள் பிளாக்கின் மேல் நிற்க வேண்டும், ஸ்லீவின் விளிம்பில் அல்ல. பிறகு நட்டை மெதுவாக இறுக்குங்கள். இறப்பர் விடுபடும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் கையாலேயே வந்துவிடும்.

வராவிட்டால் பலத்தைக் கூட்ட வேண்டாம். துருவானால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். சுண்ணாம்பானால், பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தால், தண்ணீர் நிற்கும் பகுதியில் வினாகிரி ஊற்றிச் சில மணிநேரம் வைத்து நன்றாகக் கழுவுங்கள். அலுமினியப் பிளாக்குக்கு இது ஆகாது. தட்டத்தான் வேண்டுமென்றால் வைரமான மரக்கட்டை வைத்து, கீழிருந்து சுற்றிவரச் சமமாகத் தட்டுங்கள். உளி வைக்கவே கூடாது. இறப்பர் வளையம் உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கும்; எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். பிறகு பேரிங்கும் கிராங்கும் போய்விடும்.

புதியதைப் போடுமுன்

பழைய ஸ்லீவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசி குத்தியது போலப் பள்ளங்கள் இருந்தால், அதிர்வினால் தண்ணீரில் உண்டாகும் குமிழிகள் இரும்பைத் தின்றிருக்கின்றன என்று அர்த்தம். பிளாக்கின் உட்பக்கத்தைச் சுத்தமாக்கி, புதிய ஸ்லீவை முதலில் இறப்பர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். தானாக இறங்கி, கையால் சுற்ற வர வேண்டும். மேல் விளிம்பு பிளாக்கை விடச் சொற்பமாக உயர்ந்து நிற்க வேண்டும். எவ்வளவு என்பது அந்த மெசினின் கைநூலில் இருக்கும். பிறகு புது இறப்பர் வளையங்களில் சவர்க்காரத் தண்ணி தடவி, முறுக்காமல் அழுத்திப் போடுங்கள். பிஸ்டனைப் போடுமுன் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். ஒரு சொட்டு இறங்கினாலும் திரும்பக் கழற்றுவது அப்போது சுலபம்.

வடித்த எண்ணெயை ஓடையில் ஊற்ற வேண்டாம். கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணியைத்தான். மருதனார்மடத்திலும் அப்படித்தான், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கழிவு கிணற்றுக்கு இறங்கிவிடும். கலனில் சேர்த்து கராஜில் கொடுங்கள்.

மெசினை பாஸிடம் கொடுப்பவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது? எதால் கழற்றுவீர்கள்? பழைய ஸ்லீவைத் திருப்பித் தருவீர்களா? நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். தொழில் பழகும் நமது இளைஞர்களும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர்களாக வர வேண்டும். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அந்தப் பிளாக்குக்குள் இருக்கிறது.