மாத்திரையா, மனம்விட்ட பேச்சா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் சூரியன் உதிப்பதற்கு முன்பே பொழுது விடிந்துவிடும்! படகுகள் கரை சேர்ந்து, இறாலும் நண்டும் கூடைக்கு மாறி, ஏலம் முடிந்து, பெண்கள் கூடையும் கையுமாக பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அந்தப் பரபரப்பில் ஒரு வீட்டின் கதவு மட்டும் சாத்தியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே, பிரசவமாகி நாற்பது நாளான ஓர் இளம் தாய். குழந்தை வீறிட்டு அழுகிறது. அவளோ சுவரையே வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"மூணு வாரமா இப்படித்தான் இருக்கா. சோறு வேணாங்குறா, தூக்கமும் கெடையாது. புள்ளைய நாமளா எடுத்துக் குடுத்தாத்தான் பால் குடுக்குறா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் மாமியார்.

"காத்து கருப்பு பட்டிருக்கும் அத்தே. மந்திரிச்சு ஒரு கயிறு கட்டு" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"அதெல்லாம் இல்லம்மா. பொன்னேரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு. மாத்திரை குடுப்பாங்க" என்கிறாள் நாத்தனார்.

"மாத்திரையா? வேணவே வேணாம்! ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாம். நாலு நாள் அம்மா வீட்ல விடு. மனசு விட்டுப் பேசினா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறாள் எதிர்வீட்டு அக்கா.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. கோரைக்குப்பத்திலும் நடக்கலாம், கோடம்பாக்கத்திலும் நடக்கலாம். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது, வீட்டுப் பெண்மணி என்னதான் செய்வாள்? மனநோய்க்கு மாத்திரை நல்லதா, பேச்சு நல்லதா? நிதானமாகப் பார்ப்போமா?

இது செல்லமும் இல்லை, சோம்பலும் இல்லை

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் படுவதும் மிகவும் சகஜம். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும். ஓய்வும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இதற்கு மருந்தே வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு நீடித்து, குழந்தையின் மேல் பிடிப்பே இல்லாமல், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு வந்துவிட்டால், அது மனச்சோர்வு நோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கவனித்து, 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர்! காரணங்களைக் கேளுங்கள்: பணக்கஷ்டம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. கணியம்பாடியில் கடல் இல்லை. ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றாவது எட்டிப் பார்க்காத குப்பம் உண்டா? ஏரியின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, மீன்பாடு குறைந்த வருஷத்தில் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது வகை அபூர்வமானது, ஆனால் ஆபத்தானது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கமே இல்லாமல் போய், யாரோ பேசுவதுபோல் குரல் கேட்கும். சந்தேகமும் பிதற்றலும் வரும். இதைக் காய்ச்சல் வலிப்புக்குச் சமமான அவசரமாகக் கருதி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆக, வெளியே பார்த்தால் மூன்றும் அழுகைதான். ஆனால் வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு. 'மாத்திரையா, பேச்சா' என்று கேட்பதற்கு முன்னால், 'எந்த நோய், எவ்வளவு கடுமை' என்றல்லவா கேட்க வேண்டும்?

மாத்திரை என்ன செய்யும்?

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை தலைவலி மாத்திரைபோல் அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, படபடப்பு வரலாம். "எட்டு நாளாச் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகு டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும் என்பது உண்மை. ஆனால், 'ஆயுசுக்கும் விட முடியாது' என்ற பயம் இந்த மாத்திரைகளுக்குப் பொருந்தாது. பழக்கமாகிப் போகும் அபாயம், தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளுக்குத்தான் அதிகம். அவற்றை மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவே கூடாது.

பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிடலாமா? தாராளமாகக் கேளுங்கள். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மாத்திரைகள் உண்டு. டாக்டர் பார்த்துத் தருவார். நாமாகப் பாலையும் நிறுத்தக் கூடாது, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அதேபோல், வால்ப்ரோயேட் என்ற மருந்தைச் சாப்பிடும் பெண், கர்ப்பம் தரிக்கும் உத்தேசம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது.

பேச்சு என்றால் வெறும் ஆறுதலா?

"கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சொல்வது ஆறுதல். பேச்சு சிகிச்சை அது அல்ல. அதற்கும் மருந்துபோல அளவும் முறையும் உண்டு. வாரம் ஒரு முறை, குறித்த நேரம், குறித்த நோக்கம்.

மனம் சோர்ந்தவள் வேலையை விடுகிறாள். வேலையை விட்டதால் நாலு பேரைப் பார்ப்பதில்லை. யாரையும் பார்க்காததால் இன்னும் சோர்கிறாள். இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்று அவளோடு உட்கார்ந்து யோசிப்பதுதான் ஒரு வகைப் பேச்சு சிகிச்சை. நாளைக்கு ஏலத்துறை வரை நடந்துவிட்டு வருவதா, பனையோலைக் கூடையில் நாலு வரி பின்னுவதா, அக்கா வீட்டுக்குப் போவதா? சின்னதாக ஒன்றைத் தீர்மானிப்பார்கள். அடுத்த வாரம், 'செய்தாயா, செய்தபோது மனசு எப்படி இருந்தது' என்று கேட்டு, மேலே போவார்கள்.

கோவா தந்த இரண்டு பதில்கள்

இரண்டில் எது மேல் என்று நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் 450 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை. ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மூன்றாம் பிரிவுக்குப் பேச்சு சிகிச்சை. 2003-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டாவது மாதத்தில், வெற்று மாத்திரையைவிட நிஜ மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. பேச்சோ, வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை!

'பார்த்தீர்களா, பேச்சு வீண்' என்று முடித்துவிடலாமா? அவர்கள் முடிக்கவில்லை. நம் மக்களுக்கு ஏற்றபடி பேச்சு முறையையே புதிதாக அமைத்தார்கள். மனநல வைத்தியத்தில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கினார்கள். மேலே சொன்ன, 'சின்னச் சின்னச் செயல்' முறையை ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் சொல்லித்தர வைத்தார்கள். கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சுகாதார நிலைய வைத்தியம் மட்டும் பெற்றவர்களில், மூன்று மாதத்தில் நோய் நீங்கியவர்கள் நூற்றுக்கு 39 பேர். அதோடு இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? மாத்திரையிலும் பொருத்தமானது, பொருந்தாதது உண்டு, பேச்சிலும் அப்படியே. லேசான மனச்சோர்வுக்கு முறையான பேச்சே போதும். நடுத்தரமானதற்கு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஏறக்குறைய சம பலன். கடுமையானதற்கு இரண்டும் சேர்வதே நல்லது. பேச்சில் இன்னொரு லாபமும் உண்டு. அதில் கற்றது சிகிச்சை முடிந்த பிறகும் கையில் இருப்பதால், நோய் திரும்பும் வாய்ப்புக் குறைகிறது.

துக்கத்துக்கும் பேச்சே பெரிய மருந்து. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடலோரம் மறக்குமா? அப்போது சென்னையில், 'சிநேகா' அமைப்பை 1986-ல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஓர் ஏற்பாடு செய்தார். உறவினரைப் பறிகொடுத்த மீனவர் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஒரு வருஷம் தேடிப்போய், காது கொடுத்துக் கேட்டார்கள். அப்படித் துணை கிடைக்காத இன்னொரு கடலோரப் பகுதியினரைவிட, இவர்களுக்கு மனச்சோர்வும் வேதனையும் குறைந்திருந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பேச்சு மட்டும் போதாத இடம்

ஆனால் ஜாக்கிரதை! குரல் கேட்பது, வீண் சந்தேகம், பிதற்றல் போன்ற மனச்சிதைவு நோய்க்கும், ஒரு காலம் மிதமிஞ்சிய உற்சாகம், ஒரு காலம் படுசோர்வு என்று மாறி மாறி வரும் நோய்க்கும் மாத்திரைதான் அஸ்திவாரம். 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமஸைன் மருந்து மனநோயாளிகளுக்குப் பலன் தந்த பிறகுதான், அவர்கள் வீடு திரும்பி வாழ முடியும் என்ற நம்பிக்கையே வலுப்பட்டது.

மாத்திரை குரலை அடக்கும், சரி. ஆனால் அவள் குளித்து, சமைத்து, சந்தைக்குப் போக வேண்டாமா? இதை உணர்ந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய அவர், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பும் சேர்ந்து, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் மனச்சிதைவு கொண்ட 282 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு பயிற்சி பெற்ற ஊழியர் வீட்டுக்கே வந்து பேசிப் பழக்கியவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். இது 2014-ல் வெளியான முடிவு.

இன்னொரு எச்சரிக்கை. லித்தியம் சாப்பிடுபவர் வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால், மருந்து ரத்தத்தில் அதிகமாகி விஷமாகலாம். படகில் போகிறவருக்கு நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். டாக்டர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

வேண்டுதலும் பிரார்த்தனையும் மனசுக்குத் தெம்பு தரும். வேண்டாம் என்று யார் சொன்னது? வைத்தியத்தோடு அதுவும் இருக்கட்டும். ஆனால் சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

• சோர்வு இரண்டு வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்றும் விசாரியுங்கள்.

• டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது என்ன நோய்? மாத்திரை எத்தனை மாதம்? பேச்சு சிகிச்சை யார் தருவார்கள்? பால் கொடுக்கலாமா?

• இரவில் ஒரு வேளையாவது குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டு, தாயைத் தொடர்ந்து தூங்க விடுங்கள்.

• 'செத்துடலாம் போல இருக்கு' என்றாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தாலோ, அவளைத் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில், தமிழிலேயே எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். மாத்திரைக்கும் பேச்சுக்கும்கூட அப்படித்தான். சில நோயில் பேச்சின் முறை முதலில். சில நோயில் மாத்திரையின் முறை முதலில். பல நேரம் இரண்டும் சேர்ந்தே இழுக்க வேண்டும்.

அந்த நாற்பது நாள் தாயின் வீட்டுக்கு வருவோம். நாத்தனார் சொன்னதும் சரி. எதிர்வீட்டு அக்கா சொன்னதில் பாதியும் சரி. பிள்ளையை அக்கா பார்த்துக்கொள்ளட்டும், நாத்தனார் துணைக்குப் போகட்டும், மாமியார், "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா, ஒடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கும் வந்திருக்கு. வா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்று அவள் கையைப் பிடிக்கட்டும்.

பாதி வைத்தியம் அங்கேயே ஆரம்பித்துவிடும். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.