பையனிடம் சாவி கொடுத்தால் தகப்பனாருக்கு ஜெயில்!

“என் பையனுக்கு 14 வயதுதான். ஆனால் ஸ்கூட்டரை எவ்வளவு நன்றாக ஓட்டுகிறான், தெரியுமா?”

இப்படிப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடையில் பால் வாங்கி வர வேண்டுமா? தங்கையை டியூஷனில் விட வேண்டுமா? பாட்டியைக் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டுமா? உடனே பையன் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து விடுகிறார்கள். “பக்கத்துத் தெருதானே! என்ன ஆகிவிடப் போகிறது?” என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் சட்டம் அப்படி நினைக்கவில்லை. வயது நிறையாத பையன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர் அவனுடைய தகப்பனார்! வண்டி தாயார் பெயரில் இருந்தால், அவரும் ஏற வேண்டி வரலாம்.

சட்டம் மாறிய கதை

இந்தியா முழுவதுக்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம் முதன்முதலில் 1914-ம் ஆண்டு வந்தது. 1939-ல் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது. இப்போது அமலில் இருப்பது 1988-ம் ஆண்டுச் சட்டம்.

இந்தச் சட்டப்படி அபராதங்கள் நீண்ட காலம் சொற்பமாகவே இருந்தன. லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாய் வரைதான். வயது வராதவருக்கு வண்டியைக் கொடுத்தவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில். பெரும்பாலோர் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

2019-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஜூலை மாதம் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் திருத்த மசோதா நிறைவேறியது. ஆகஸ்டு 9-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். செப்டம்பர் 1-ந் தேதி முதல் புதிய தண்டனைகள் அமலுக்கு வந்தன.

லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாய் என்றிருந்தது 5,000 ரூபாய் ஆயிற்று. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாய் என்றிருந்தது 1,000 ரூபாய் ஆயிற்று. குடித்துவிட்டு ஓட்டினால், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் சேர்த்து!

ரோட்டிலேயே வசூலிக்கும் அபராதத்தின் அளவை மாநில அரசு நிர்ணயிக்கலாம். தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

நான்கு தண்டனைகள்

2019-ம் ஆண்டுத் திருத்தத்தில் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, புதிதாகச் சேர்க்கப்பட்ட 199-ஏ என்ற பிரிவு. 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் என்ன ஆகும்?

1. பையனின் பாதுகாவலர், அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில்.

2. அதோடு 25,000 ரூபாய் அபராதம்.

3. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அதாவது, ஓராண்டுக்கு அந்த வண்டியை யாருமே ரோட்டில் ஓட்ட முடியாது.

4. பையனுக்கு 25 வயது நிறையும் வரை லைசென்சு கிடையாது. எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது.

கடைசித் தண்டனையைச் சற்று யோசித்துப் பாருங்கள். 18 முதல் 25 வரை ஒருவன் வேலை தேடும் வயது. டிரைவர் வேலைக்கு லைசென்சு வேண்டும். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கும் லைசென்சு வேண்டும். ஒருநாள் ஆசைக்காகப் பையன் 7 ஆண்டுப் பிழைப்பை இழந்து நிற்பான்.

வேறு சில குற்றங்களைப்போல, இதை ரோட்டிலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

“எனக்குத் தெரியாது” என்றால்?

“நான் தூங்கிக் கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாமல் எடுத்துப் போய்விட்டான்” என்று சொன்னால் தப்ப முடியுமா?

சொன்னால் மட்டும் போதாது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் பையன் வண்டியை எடுத்தான் என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, அதைத் தடுக்கத் தம்மால் ஆனதையெல்லாம் செய்தோம் என்றோ பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஆணியில் தொங்கவிட்டு விட்டு, “தெரியாது” என்றால் யார் நம்புவார்கள்?

பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான் என்று இரவல் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். வண்டி யாருடையதோ, அவரையும் சட்டம் விடாது.

வீடும் போகலாம்!

விபத்து நடந்தால் இன்னும் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. அடிபட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். லைசென்சு இல்லாத பையனிடம் சொந்தக்காரரே வண்டியைக் கொடுத்திருந்தால், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை அவரிடமே வசூலிக்க வழி இருக்கிறது. நஷ்ட ஈடு பல லட்சம் ரூபாயாக இருக்கலாம். அதைக் கட்ட வீட்டையோ நிலத்தையோ விற்க வேண்டி வரலாம். போன உயிரை எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது.

எந்த வயதில் எந்த வண்டி?

கியர் வண்டி, கார் ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். லாரி, பஸ், வாடகை வண்டி ஓட்ட 20 வயது நிறைய வேண்டும்.

“16 வயதிலேயே ஸ்கூட்டர் ஓட்டலாமே?” என்று சிலர் கேட்பார்கள். 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும் லைசென்சும் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. அவற்றுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

முறைப்படி பழகுவது கஷ்டம் அல்ல. முதலில் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். 30 நாட்கள் ஆன பிறகு, ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சு வாங்கலாம். பழகும் நாட்களில் மோட்டார் சைக்கிளின் பின்னால், கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது.

அதிகம் படிக்காதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. லாரி, பஸ் ஓட்ட 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டு விட்டது. ஓட்டும் திறமையும் ரோட்டு விதிகளும் தெரிந்திருந்தால் போதும்.

பெரியவர்களும் பாருங்கள்

சாவியைப் பூட்டி வைக்கும் கையோடு, உங்கள் லைசென்சையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். முன்பு லைசென்சு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும். அந்தச் சலுகை இப்போது இல்லை. காலாவதி ஆவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால், மீண்டும் ஓட்டிக் காட்டத்தான் வேண்டும்.

பையன் முகம் வாடுகிறதே என்று தாய்மார்கள் மனம் இளக வேண்டாம். அதுவரை சைக்கிள் ஓட்டட்டும். 18 வயது நிறைந்ததும் நீங்களே அவனை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அழைத்துச் செல்லுங்கள். லைசென்சு கைக்கு வந்த பிறகு, சாவியோடு ஒரு ஹெல்மெட்டையும் வாங்கிக் கொடுங்கள்.