காவலுக்குப் போன கதை

கங்கையில் முழுகினால் பாவம் போகும் என்பது பெரியோர் வாக்கு. ஆனால் ரப்பர் தெப்பத்தில் ஏறித் தவறி விழுந்து முழுகுகிறவர்களுக்கும் அந்தப் பலன் உண்டா என்பதைப் பற்றிச் சாஸ்திரங்கள் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள் இந்தச் சந்தேகம் நமக்கு மிக அவசரமாக ஏற்பட்டது.

டில்லியில் நமது நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய புதல்வி அங்கே கல்லூரியில் படிக்கிறாள். அவளும் சர்வகலாசாலைத் தோழர் தோழியர் ஆறு பேரும் ரிஷிகேசத்துக்குச் சென்று கங்கையில் தெப்பம் விட்டு வருவதென்று தீர்மானித்தார்கள். தகப்பனார் சம்மதித்துவிட்டார். தாயாரோ மறுத்துவிட்டார்.

"பெண்ணுக்கு நீந்தத் தெரியாது. ஆறோ இமயமலை ஆறு. பெரியவர் ஒருவர் கூடப் போனாலன்றி அனுப்ப மாட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

அச்சமயம் அந்த வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாகக் காபி அருந்திக்கொண்டிருந்தோம். எல்லோருடைய பார்வையும் நம் மீது வந்து நின்றது. இவ்விதமாக நாம் ஏழு பிள்ளைகளுக்குக் காவலராக நியமனம் பெற்றோம்.

டில்லியிலிருந்து ரிஷிகேசம் சுமார் 240 கிலோமீட்டர். அங்கிருந்து பத்ரிநாத் செல்லும் சாலையில் 16 கிலோமீட்டர் போனால் சிவபுரி என்னும் சிற்றூர் வருகிறது. தெப்பத்தில் செல்வோர் பலர் இங்கேதான் ஆற்றில் இறங்குகிறார்கள். இன்னும் மேலே தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் கூடுகின்றன. அந்தச் சங்கமத்துக்குப் பிறகே நதிக்குக் கங்கை என்று பெயர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை வெள்ளம் பெருகிவிடுமாதலால் தெப்பங்களுக்கு விடுமுறை. பங்குனியில் நாம் கண்ட கங்கையோ மரகதப் பச்சையாய்த் தெளிந்து ஓடிற்று. பார்வைக்கு மிகவும் சாது. கையை வைத்தால்தான் பனிமலையில் பிறந்தவள் என்பது தெரிந்தது.

இந்தச் சாது மைல் கணக்காக அமைதியாய் நடந்துவிட்டுத் திடீரென்று துள்ளிக் குதிக்கிறாள். பக்கத்து ஓடைகள் மழைக்காலத்தில் பெரும் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து ஆற்றில் தள்ளுகின்றன. ஆற்றின் வழி அங்கே குறுகுகிறது, சரிவும் செங்குத்தாகிறது. நீர் பாறைமேல் ஏறி, மறுபுறம் பள்ளத்தில் விழுந்து, திரும்பிச் சுருண்டு, வெள்ளை நுரையாய்க் கொந்தளிக்கிறது. இத்தகைய இடத்தை ஆங்கிலத்தில் 'ராபிட்' என்கிறார்கள். நாம் 'துள்ளல்' என்று வைத்துக்கொள்ளலாம். கடுமையை ஒட்டித் துள்ளல்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் குழந்தையும் போகலாம். ஆறாம் வகுப்பில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். சிவபுரிக்குக் கீழே உள்ள பெரிய துள்ளல்கள் மூன்றாம் வகுப்பை ஒட்டியவை. தேர்ந்த வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால் புதியவர்களும் செல்லக்கூடியவை.

இந்தச் சாகசம் இன்று நேற்று பிறந்ததல்ல. 1869-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பவல் என்பவர் பத்துப் பேராக, நான்கு மரப் படகுகளில், கொலராடோ நதியின் மாபெரும் பள்ளத்தாக்கை ஆராயப் புறப்பட்டார். மூன்று மாதங்களுக்குப் பிறகு மறுமுனைக்கு வந்து சேர்ந்தவர்கள் அவரைச் சேர்த்து ஆறு பேர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், பட்டாளத்தில் மிஞ்சிய ரப்பர் படகுகள் மலிவாய்க் கிடைத்தபோது, இது சாதாரண ஜனங்களின் பொழுதுபோக்காயிற்று. நம் கங்கையிலும் 1977-இல், எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி கடலிலிருந்து இமயத்தை நோக்கி விசைப்படகுகளில் எதிர்நீச்சல் போட்டார். ஆற்றின் போக்கிலேயே போகிற நமக்கு என்ன பயம் என்று அன்று காலை எண்ணிக்கொண்டோம்.

நமது வழிகாட்டி கட்வால் மலைநாட்டு வாலிபர். மாணவர்கள் அவரைப் "பையா, பையா" என்று அழைத்தார்கள். தமிழ்க் காதுக்கு இது சற்றுத் தூக்கிவாரிப் போட்டது; ஹிந்தியில் அதற்கு 'அண்ணா' என்று பொருள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டோம்.

அவர் எல்லோருக்கும் மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, மணலில் நிறுத்திப் பாடம் நடத்தினார். துடுப்பின் மேல்பிடியை ஒருபோதும் கைவிடக் கூடாது. விட்டால் அடுத்தவர் பல் போய்விடும். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆற்றின் போக்கில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும்.

"எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு" என்றார். "துள்ளல் வரும்போது துடுப்புப் போடுவதை நிறுத்தாதீர்கள். தெப்பம் நீரின் வேகத்திலேயே போனால் என்னால் திருப்ப முடியாது. நீரைவிட வேகமாகப் போனால்தான் அது நம் சொற்படி கேட்கும்."

இருபுறமும் நால்வர் நால்வராக அமர்ந்தோம். நண்பரின் புதல்வி நமக்குப் பின்னால். நமக்கு முன்னால் ஒரு பஞ்சாபி இளைஞர். நீச்சலில் பதக்கங்கள் வாங்கியவர். மற்றவர்களில் ஒரு வங்காளிப் பெண்ணும் மலையாள வாலிபர் இருவரும் இருந்தார்கள். வழிகாட்டி பின்முனையில் உட்கார்ந்து "முன்னே!" என்று குரல் கொடுத்தார். எட்டுத் துடுப்புகளும் எட்டுத் திசையில் போயின. அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றாய் எழுந்து ஒன்றாய் விழத் தொடங்கின.

முதல் துள்ளலைத் தாண்டியதும் நமக்குக் கர்வம் உண்டாகிவிட்டது. அடுத்தது வந்தது. 'ரோலர் கோஸ்டர்' என்று பெயர். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுவர் போல எழுந்து நின்றன. தெப்பத்தின் முன்பாதி பள்ளத்தில் இறங்கியது. தலைக்கு மேல் நீர் தெரிந்தது. அந்தக் கணத்தில் நாம் செய்த காரியத்தை மறைப்பதற்கில்லை. துடுப்பை மடியில் போட்டுவிட்டு, இரு கைகளாலும் ஓரத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டோம்!

வலப்பக்கத்தில் நான்கு துடுப்புகள். நம் பக்கத்தில் மூன்று. தெப்பம் பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலை அதன் விலாவில் மோதியது. கண்ணைத் திறந்தபோது நமக்கு முன்னால் இருந்த இடம் காலியாயிருந்தது.

பத்தடிக்கு அப்பால் ஒரு சிவப்புத் தலைக்கவசம் நுரையில் மறைந்து, மீண்டும் தோன்றியது. பதக்கம் வாங்கிய கைகள் இரண்டு முறை நீரை எதிர்த்து வீசின, பயனில்லை. பிறகு அவருக்குப் பாடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மல்லாந்தார்; கால்களை நீட்டினார். "முன்னே! முன்னே!" என்ற கூச்சல் நம் காதில் இப்போதுதான் விழுந்தது. துடுப்பை எடுத்தோம். தெப்பம் நேராகி அவரை நெருங்கியது. நீந்தத் தெரியாத அந்தப் பெண் முழங்காலை ஓரத்தில் ஊன்றி, அவருடைய மிதவைச் சட்டையின் தோள்வார் இரண்டையும் பற்றி, கற்றுக்கொடுத்தபடியே பின்புறமாகச் சாய்ந்தாள். இருவருமாகத் தெப்பத்துக்குள் வந்து விழுந்தார்கள்.

அமைதியான நீருக்கு வந்ததும் ஒருவரும் பேசவில்லை. இளைஞரின் உதடு நீலமாயிருந்தது, ஆனால் சிரித்தார். "தவறு நம்முடையது" என்று ஒப்புக்கொண்டோம்.

வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. "பயம் எனக்கும் வரும், ஐயா. பயந்தால் கை கயிற்றைத்தான் தேடும். கயிறு உங்கள் ஒருவரைத்தான் காப்பாற்றும், துடுப்பு எட்டுப் பேரையும் காப்பாற்றும்" என்றார்.

பிறகு அவர் செய்தது நாம் எதிர்பாராதது. நம்மை முன்வரிசைக்கு மாற்றினார். முன்வரிசைத் துடுப்பைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் தாளம் பிடிக்கிறார்கள். அங்கே இருப்பவர் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். 'கோல்ஃப் கோர்ஸ்' என்ற அடுத்த பெருந் துள்ளல் வந்தபோது நமது முழங்கால் நடுங்கியதென்னவோ உண்மை. கை நிற்கவில்லை. நீரில் ஊன்றிய துடுப்பு கைத்தடியைப் போல் ஆளைத் தாங்குகிறது என்பதையும் அப்போதுதான் கண்டுகொண்டோம். தெப்பம் அலைமேல் ஏறி, இறங்கி, மறுபுறம் சென்று சேர்ந்தது. பின்னால் ஐந்து பாஷைகளில் எழுந்த ஆரவாரத்தில் தமிழ்க் குரலும் ஒன்று கேட்டது: "சபாஷ், மாமா!"

மறுநாள் டில்லிக்குத் திரும்பினோம். வாசலிலேயே காத்திருந்த அம்மாள், "குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார்.

நாம் விழித்தோம். நண்பரின் புதல்வி முந்திக்கொண்டாள்.

"மாமாவை நாங்கள் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டோம், அம்மா!"

அன்றிரவு சாப்பாட்டின்போது நடந்ததை ஒன்றுவிடாமல் நாமே சொன்னோம். அம்மாள் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு மகளின் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டுவிட்டு, "வருகிற விடுமுறையில் முதலில் நீந்தக் கற்றுக்கொள். அப்புறம் அடுத்த ஆற்றைப் பற்றிப் பேசலாம்" என்றார்.